மிலிட்டரி மாமா இறங்கிய கிணறு

2010-ம் வருஷம், பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலை. எங்கள் வீடு புதுக்கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ரப்பர் தோட்டங்களை ஒட்டி இருக்கிறது. நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். என் வீட்டுக்காரர் சவுதியில் வெல்டிங் வேலை. அப்போது இரண்டு மாத லீவில் வந்திருந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக ஒருவர் குடியிருந்தார். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மிலிட்டரி மாமா. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவர். அறுபத்தஞ்சு சண்டை, எழுபத்தொண்ணு சண்டை இரண்டையும் பார்த்துவிட்டு வெளியே வந்து, பிறகு வடக்கே ஒரு பெரிய உருக்காலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். மனைவி அங்கேயே இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. சுனாமி வந்த வருஷம்தான் ஒரு இரும்புப் பெட்டியோடு ஊருக்குத் திரும்பினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பார்த்தால் பயம். இரண்டு கைகளிலும் முழங்கை வரை தீக்காயத் தழும்பு. சாதாரணமாகப் பேசுவதே சண்டை போடுவது மாதிரி இருக்கும். மழை சாரல் அடித்தாலும் வீட்டுக் கதவை அடைக்க மாட்டார். ஒருநாள் மணம் பிடித்துக்கொண்டு எங்கள் அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டார். "கேஸு லீக்காவுது! டியூப இன்னைக்கே மாத்தணும், கேட்டியா!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த சட்டி கீழே விழுந்தது. டியூபை மாற்றினேன். ஆனால் அவர் மேல் இருந்த எரிச்சல் போகவில்லை. ஊரையே அதட்டிக்கொண்டு திரிகிற, எதற்கும் பயப்படாத மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க பைப்பில் தண்ணீர் வரவில்லை. எங்கள் வளவில் ஒரு பழைய கிணறு உண்டு. முப்பத்தைந்து அடி ஆழம். பைப் வந்தபிறகு நாலைந்து வருஷமாகத் தகரம் போட்டு மூடியே கிடந்தது. அதை இறைத்துத் தூர் வாரிவிட்டால் கோடைக்குக் கவலையில்லை என்று வீட்டுக்காரர் முடிவு செய்தார். அவருடைய அண்ணனும் கூட வந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன பம்ப் ஒன்றைப் புதுக்கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்தார்கள்.

பம்பை மேலே வைத்து ஓட்டினால் அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் ஏறவில்லை. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில், உள்சுவரில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குத் திட்டு மாதிரி வெட்டியிருக்கும். அதில் பலகை போட்டு, கயிறு கட்டி பம்பை இறக்கி வைத்து ஓட்டினார்கள். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. கலங்கிய தண்ணீர் வாழைக்குப் பாய்ந்தது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் மாமா வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தவுடன் முகம் மாறிவிட்டது.

"எஞ்சின எதுக்குலே உள்ள கொண்டு வச்சிய? பொக எங்கவழியா வெளிய போவும்? ஆஃப் பண்ணுங்க. இன்னைக்கு ஒருத்தனும் கெணத்துல எறங்கப்பிடாது. நாளைக்குப் பாக்கலாம்."

வீட்டுக்காரர் தலையாட்டி, கயிறு கட்டியிருந்த சுவிட்சை மேலிருந்தே இழுத்து எஞ்சினை நிறுத்தினார். மாமா இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் தலை மறைந்ததும் வீட்டுக்காரர் என்னிடம், "அப்பம் நாளைக்கு வச்சிக்கிடுவமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவரு எல்லாத்துக்கும்தான் சத்தம் போடுவாரு. நாளைக்கு நாளைக்குன்னா உங்க லீவு முடிஞ்சிரும். பிள்ளை ஸ்கூல் விட்டு வருமுன்ன முடிச்சிருங்க." இந்த வாயால்தான் சொன்னேன்.

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கணவரின் அண்ணன் என்னை விளிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். பலகை மேல், பம்புக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தார். ஒரு கை பலகைக்கு வெளியே தொங்கியது. பைப்பைச் சரிபார்க்க இறங்கியவர், "தல சுத்துதுண்ணே" என்று சொல்லி உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். அவருக்குக் கீழே இன்னும் பதினைந்து அடி ஆழம், சேறும் தண்ணீரும். கொஞ்சம் புரண்டாலும் உள்ளே போய்விடுவார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசைவில்லை. பகல் பதினொரு மணி வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது.

கணவரின் அண்ணன் அதற்குள் இரும்புப் படியில் கால் வைத்து இறங்க ஆரம்பித்துவிட்டார். எட்டுப் படிகூட இறங்கியிருக்க மாட்டார், "எனக்கும் கண்ணு இருட்டுது" என்று முனகினார். அதே நேரம் வேலி வழியாகச் சாடி மாமா ஓடி வந்தார். கிணற்றுச் சுவரில் குப்புறப் படுத்து, கைகளைக் கிணற்றுக்குள் விட்டு, அண்ணனின் சட்டைக் காலரையும் முடியையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். அண்ணன் மேலே வந்து மண்ணில் விழுந்து வாந்தி எடுத்தார். எழுந்ததும் மறுபடி கிணற்றைப் பார்த்து ஓடினார். மாமா ஓங்கி ஒரு அறை விட்டார்.

"எறங்கினா நீயும் சாவ! உள்ள வெஷக் காத்துலே, அதுக்கு மணமும் கெடையாது, நெறமும் கெடையாது. ரெண்டு மூச்சு போதும்லே!"

மாமா அண்ணனோடு மல்லுக்கு நின்ற நேரத்தில் நான் கிணற்றுச் சுவரில் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு என் வீட்டுக்காரரைத் தவிர வேறு எதுவும் கண்ணில் தெரியவில்லை. திடீரென்று பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்து மண்ணில் தள்ளியது. மாமாதான். என் இரண்டு கையையும் அவர் ஒரே கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் உதைத்தேன், பிறாண்டினேன். விடவில்லை. கடைசியில் அவர் முன்னங்கையைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. அப்போதும் விடவில்லை.

நான் கத்தினேன்: "விடும் ஓய்! செத்தா அழ ஒரு ஆளில்லாத மனுஷனுக்கு எங்க வேதன எப்படித் தெரியும்?"

எந்த மனிதரையும் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை. அவர் கண் என் மேலேயே இல்லை, கிணற்றில் இருந்தது. என்னைப் பிடித்தபடியே சத்தம் போட ஆரம்பித்தார்.

தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் ஓடி வந்திருந்தார்கள். ஒருவரை ரோட்டு முக்கில் இருக்கும் பஞ்சர் கடைக்கு விரட்டினார்: "டயருக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசர அப்படியே ஆட்டோல தூக்கிப் போட்டுக் கொண்டு வா. ஓஸும் வேணும்." இன்னொருவரை மாங்கொப்பு ஒடிக்கச் சொன்னார். இலையோடு கூடிய பெரிய கொப்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, மேலும் கீழும் இழுக்கச் சொன்னார். உள்ளே இருக்கிற காற்று கலைய வேண்டுமாம். இன்னொருவர் வாழைப் பாத்தியில் தேங்கியிருந்த தண்ணீரைக் குடம் குடமாகக் கிணற்றின் எதிர்ப்பக்க உள்சுவரில் வீசி ஊற்றினார். தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்தார்கள். வந்து சேர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

என்னைப் அக்கம்பக்கத்து அக்காமார் இருவரிடம் ஒப்படைக்கும்போது மாமா சொன்னார்: "பிள்ளே, நீ அழாத. அவன் பேரச் சொல்லி விளிச்சிட்டே இரு. நிறுத்தாத. காது கடைசி வர கேக்கும்."

நான் விளித்தேன். கிணறு என் குரலையே எனக்குத் திருப்பித் தந்தது. மாங்கொப்பு ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் முகம் மறைந்து மறைந்து தெரிந்தது. தொங்கிய கை லேசாக ஆடியது. அது உயிரால் ஆடியதா, இலை பட்டு ஆடியதா என்று தெரியவில்லை. கம்ப்ரசர் வந்து சேர ஆறேழு நிமிஷம்தான் ஆனது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒரு வருஷம் போல இருந்தது. மாதாவே, மாதாவே என்று மனசுக்குள்ளும், அவர் பெயரை வெளியிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கம்ப்ரசர் ஓஸ் நீளம் போதவில்லை. எங்கள் வாழைக்குத் தண்ணீர் விடும் ஓஸை அதோடு சேர்த்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார் மாமா. நான் கடித்த இடத்திலிருந்து ரத்தம் கம்பியில் வழிந்தது. வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து கம்ப்ரசரை ஓட்டி, ஓஸை வீட்டுக்காரர் தலைக்கு நேராக இறக்கினார்கள். காற்று சீறியது. அவருடைய தலைமுடி பறந்தது. இரண்டு மூன்று நிமிஷம் அப்படியே விட்டார்கள். பிறகு மாமா சட்டையைக் கழற்றினார்.

"யாரு எறங்கப் போறா?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான். எனக்குத்தான் எப்ப திரும்பி வரணும்னு தெரியும்."

வடக்கயிற்றை மார்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கயிறு பிடித்தவர்களிடம் சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்வேன்: "ஒரு தடவ இழுத்தா நில்லுங்க. ரெண்டு தடவ இழுத்தா தூக்குங்க. நான் ஒண்ணும் செய்யாம கெடந்தாலும் தூக்குங்க. எனக்காவ ஒருத்தனும் எறங்கப்பிடாது. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தார்கள். அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டார். அப்போதுதான் பார்த்தேன். அவர் முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. வெடவெடவென்று. நாக்கால் உதட்டை நனைத்தார். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். அறுபத்தேழு வயது. இரண்டு சண்டை பார்த்தவர். அவருக்கே இவ்வளவு பயம் என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று நினைத்து, வீட்டுக்காரர் பெயரை இன்னும் உரக்க விளித்தேன். அவர் கம்ப்ரசரிலிருந்தே பிரித்துக் கட்டிய இன்னொரு ஓஸின் முனையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஒவ்வொரு படிக்கும் நின்றார். பலகையை அடைந்ததும் முதலில் வீட்டுக்காரரின் மூக்கருகே விரல் வைத்தார். உடனே, மேலிருந்து விட்ட இரண்டாவது கயிற்றை வீட்டுக்காரர் கக்கத்துக்கு அடியில் கொடுத்துக் கட்டினார். முடிச்சுப் போடும்போது ஒருமுறை கை தவறியது, ஓஸ் வாயை விட்டு விலகியது. மறுபடி எடுத்து இரண்டு மூச்சு வாங்கிவிட்டுக் கட்டினார். கயிறு இரண்டு தடவை அசைந்தது.

"தூக்குங்க!"

என் வீட்டுக்காரர் மேலே வந்தார். உதடு நன்றாகச் சிவந்திருந்தது. நல்ல தூக்கத்தில் இருப்பவர் போல இருந்தார். அதைப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். அந்த விஷவாயுவால்தான் அப்படிச் சிவக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, அந்தச் சிவப்பை நினைத்தாலே எனக்குக் கை கால் ஓடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். மூச்சு இருந்தது. எண்ணி எண்ணி விடுகிற மாதிரி ஒவ்வொன்றாக இருந்தது.

அடுத்து மாமாவின் கயிறு. அது அசையவே இல்லை. மேலிருந்து கூப்பிட்டார்கள், பதில் இல்லை. ஒருவர் படியில் கால் வைக்கப் போனார். "சத்தியம் பண்ணியிருக்கோம்லே!" என்று இன்னொருவர் அலறினார். எல்லாருமாக இழுத்தார்கள். மாமா தலை தொங்கியபடி, சுவரில் தோள் உரசி உரசி மேலே வந்தார். மண்ணில் கிடத்தியதும் இருமி, வாந்தி எடுத்து, கண்ணைத் திறந்தார். முதலில் கேட்டது, "அவனுக்கு மூச்சு இருக்கா?"

இரண்டு பேரையும் ஒரே ஜீப்பில் நாகர்கோவிலுக்குக் கொண்டு போனோம். தக்கலை தாண்டி நாகர்கோவில் சேரும் வரை வீட்டுக்காரரின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த மூச்சு வருமா வராதா என்று ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில்தான் கண் திறந்தார். "பம்ப திருப்பிக் குடுத்தாச்சா?" என்று கேட்டார். நான் சிரித்தேனா அழுதேனா, ஞாபகம் இல்லை. டாக்டர் சொன்னார்: "உங்கள யாரோ தடுத்தாங்களாமே? இல்லன்னா மூணு பேர ஒண்ணா கொண்டு வந்திருப்பாங்க." என் மகள் வராந்தாவில் பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தேன்.

மாமா மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வர மூன்று வாரம் ஆனது. ஒரு சாயங்காலம் மீன்கறியும் மரச்சீனியும் எடுத்துக்கொண்டு போனேன். முன்னங்கையில் என் பல் பட்ட இடம் கருத்திருந்தது. "மாமா, அண்ணைக்கு நான் சொன்னது…" என்று ஆரம்பித்தேன்.

"இந்தப் பக்கம் வந்து இருந்து பேசு பிள்ளே. எனக்கு இடது காது கேக்காது" என்றார். எழுபத்தொண்ணு சண்டையில் பக்கத்தில் குண்டு விழுந்து போன காதாம். தன் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அவருக்கே தெரியாதாம். ஆறு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும், நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

அன்றுதான் உருக்காலைக் கதையைச் சொன்னார். அங்கே பெரிய உலையிலிருந்து இதே விஷவாயு போகிற குழாய் உண்டு, ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரிசு. வாயுவை அடைத்து வைத்துவிட்டு உள்ளே பழுது பார்த்தார்கள். எப்படியோ வாயு கசிந்து ஒருவர் உள்ளே விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் போனார், அவரும் விழுந்தார். மூன்றாவதாகப் போனவர் மாமாவோடு பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் இருந்த சிநேகிதர், தக்கலைப் பக்கத்துக்காரர். மாமாதான் அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாராம். நாலாவதாக மாமா ஓடினார். பின்னாலிருந்து ஒரு பீகார்க்காரர் பெல்ட்டைப் பிடித்துவிட்டார்.

"நீ கடிக்கத்தான செஞ்ச. நான் அவன் மூக்க உடச்சேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "மூணு பேரையும் வெளிய எடுத்து வரிசையா கெடத்தினாங்க. நாலாவது எடம் எனக்குள்ளது. அந்த ஆளுகிட்ட நான் ஒரு வார்த்த நல்லபடியா பேசல்ல. வேற எடத்துக்கு மாத்திட்டுப் போயிட்டான். பெறவு தேடினேன், கெடைக்கல்ல."

அதற்குப் பிறகு அவரால் கதவு அடைத்த அறையில் படுக்க முடியவில்லையாம். கிணறு, குழி, லிப்ட் எதுவும் ஆகாது. "சண்டைல சத்தம் வரும், எங்கேருந்து சாவு வருதுன்னு தெரியும். இது தெரியாதுல்லா" என்றார்.

"அப்பம் அண்ணைக்கு எப்படி மாமா எறங்கினிய?"

"பயந்துகிட்டேதான்" என்றார். பிறகு மீனைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் தேறி மறுபடி சவுதிக்குப் போக ஒரு வருஷம் ஆனது. சில நாட்கள் சொன்னதையே மறந்துவிடுவார், கை நடுங்கும். மெதுவாகச் சரியானது. மாமா இன்னும் ஆறு வருஷம் இருந்தார். யார் வீட்டில் கிணறு இறைத்தாலும், செப்டிக் டேங்க் திறந்தாலும் போய் நின்று சத்தம் போடுவார். இப்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. 2016-ல் ஒரு காலை நெஞ்சுவலியில் போய்விட்டார். சுற்றுவட்டாரத்துப் பழைய பட்டாளத்துக்காரர்கள் சவப்பெட்டி மேல் கொடி போர்த்தினார்கள். கல்லறைத் தோட்டத்தில் முதல் பிடி மண்ணைப் போட்டது என் வீட்டுக்காரர்.

இன்றும் எங்காவது பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டால் ஊசி கையிலேயே நின்றுவிடும். வெளியே போய் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வந்து தைப்பேன். பயமே இல்லாதவர் என்று நான் ஒதுங்கிப்போன மனிதர் எங்கள் எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவர் என்பதும், அந்தப் பயத்தை வைத்துத்தான் எங்கள் மூன்று பேரையும் காப்பாற்றினார் என்பதும் எனக்குப் புரிய ஒரு கிணறு தேவைப்பட்டது. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னை உலுக்குவது அந்தக் கிணறு அல்ல, "பிள்ளை ஸ்கூல் விட்டு வருமுன்ன முடிச்சிருங்க" என்று அன்று நான் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்பதுதான்.